அம்மாவின் கேஸ் ஷீட்டைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

கடிதத்தின் சுருக்கம்: வாசகிக்கு வயது 43. அவருடைய தாயாருக்கு 71. நெடுநாள் சர்க்கரை நோயோடு, சில ஆண்டுகளாகச் சிறுநீரகச் செயல்பாடும் குறைந்துவருகிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் மார்பகத்தில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அது புற்றுநோய் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும்; தாயாரிடம் "சாதாரணக் கட்டி" என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகள் அவர் எடுத்துக்கொண்ட மாத்திரையையும் "எலும்புக்கான மாத்திரை" என்றே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஆண்டு சில மாதங்கள் வேறொரு நாட்டில் மகனுடன் இருந்துவிட்டுத் திரும்பிய தாயார், காய்ச்சலும் முதுகுவலியுமாக 11 நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அங்கே கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் இதன் அளவு ஏறும்) 3.4 வரை ஏறி, வீடு திரும்பும்போது 2.2 ஆக இறங்கியது. இப்போது பார்க்கும் புதிய சிறுநீரக மருத்துவர், இந்த 11 நாட்களின் முழு ஆவணங்களையும் பழைய மார்பக அறுவை சிகிச்சையின் அறிக்கைகளையும் கேட்கிறார். வாசகி மூன்று முறை மருத்துவமனைக்கு அலைந்துவிட்டார். "டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்துவிட்டோமே, மற்றதெல்லாம் மருத்துவமனைக்குச் சொந்தம்" என்பதே பதில். கடைசி பில்லில் ஒரு தொகை பாக்கி இருப்பதும் அவரைத் தயங்க வைக்கிறது.

அவருடைய கேள்விகள் இவை: மகள் என்ற முறையில் கேட்டு வாங்க உரிமை உண்டா? அம்மாவுக்குத் தெரியாமல் வாங்க முடியுமா? டிஸ்சார்ஜ் சம்மரியில் "நோயாளி மருந்துகளை ஒழுங்காக எடுக்கவில்லை" என்று எழுதியிருப்பதை அழிக்கச் சொல்லலாமா? வெளிநாட்டில் 168 என்று வந்த கிரியேட்டினின், திரும்பி வந்ததும் 1.9 என்று வந்ததே, எந்தப் பரிசோதனைக்கூடம் தவறு செய்தது? அண்ணன் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார், அது சரியா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசி கேள்விகளில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் உங்கள் மனச்சுமையைக் கொஞ்சம் குறைக்கும். 168, 1.9 இரண்டுமே சரி. இரண்டும் ஒரே அளவுதான். சில நாடுகளில் கிரியேட்டினினை ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எழுதுகிறார்கள்; வேறு சில நாடுகளில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். கிரியேட்டினினைப் பொறுத்தவரை, டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 88.4 மைக்ரோமோலுக்குச் சமம். 1.9-ஐ 88.4-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 168 வரும். ஆகவே எந்தப் பரிசோதனைக்கூடமும் தவறு செய்யவில்லை. அது நல்ல அளவு அல்ல என்றாலும், அந்த மாதங்களில் அம்மாவின் சிறுநீரகம் மோசமாகாமல் அதே நிலையில் இருந்திருக்கிறது என்பதை அந்த இரண்டு தாள்களும் சேர்ந்து சொல்கின்றன. சர்க்கரைக்கும் இதே குழப்பம் உண்டு: ஓர் இடத்தில் 126 என்று வருவது இன்னோர் இடத்தில் 7 என்று வரும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஓர் இடத்தில் 7 சதவீதம் என்றால், வேறோர் இடத்தில் 53. எண்ணைப் பார்க்கும்போதே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அலகையும் பார்த்துவிடுங்கள். தேதியையும் கவனியுங்கள், 04/07 என்பது சில நாடுகளில் ஜூலை 4, சில நாடுகளில் ஏப்ரல் 7.

இதை முதலில் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1.9-இல் நிலையாக இருந்த ஒருவருக்கு 11 நாட்களுக்குள் 3.4 ஆனது ஏன் என்பதே உங்கள் புதிய மருத்துவர் விடை தேடும் கேள்வி. காய்ச்சலும் நீர்ச்சத்துக் குறைவும் போதுமான காரணமாக இருக்கலாம். முதுகுவலிக்குப் போட்ட வலி நிவாரணி ஊசி, ஸ்கேனுக்காகச் செலுத்திய சாயமருந்து, ஏதோ ஓர் ஆன்டிபயாடிக் என்று வேறு காரணங்களும் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது அந்த 11 நாட்களை ஒரு மருத்துவர் கடைசி நாளில் இரண்டு பக்கங்களுக்குள் சுருக்கி எழுதியது. எந்த ஊசி எந்த நாளில் எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பது அதில் இருக்காது. அது செவிலியர்கள் நிரப்பும் மருந்து அட்டவணையில் இருக்கும். உங்கள் மருத்துவர் "முழு ஆவணங்கள்" என்று கேட்டது இதைத்தான்.

தாள் யாருடையது, தகவல் யாருடையது

"ஆவணங்கள் மருத்துவமனைக்குச் சொந்தம்" என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியை மட்டுமே சொல்லியிருக்கிறார். தாளும் கோப்பும் கணினியும் மருத்துவமனையின் உடைமைதான். அவற்றில் எழுதப்பட்டிருக்கும் தகவலைப் பார்க்கவும் நகல் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1992-இல் மெக்கினர்னி எதிர் மெக்டொனால்ட் என்ற வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. தனக்கு முன்பு சிகிச்சையளித்த மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளையும் சேர்த்துக் கேட்ட ஒரு நோயாளியிடம், அவருடைய மருத்துவர், தான் எழுதியவற்றை மட்டும் தருவேன் என்று சொல்லியிருந்தார். கோப்பு மருத்துவருடையதாக இருக்கலாம், அதிலுள்ள எல்லாத் தகவலையும், மற்ற மருத்துவர்களிடமிருந்து வந்ததையும் சேர்த்து, நோயாளி பெறலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நீங்கள் மூலக் கோப்பைக் கேட்க வேண்டாம், கேட்டாலும் கிடைக்காது. முழுமையான நகலைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் நாட்டைக் குறிப்பிடவில்லை. இந்தப் பகுதியை வாசிப்பவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதனால் எனக்கு உறுதியாகத் தெரிந்த சில காலக்கெடுக்களை மட்டும் சொல்கிறேன். இந்தியாவில், மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் அதற்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 30 நாட்கள். காரணத்தை எழுத்தில் தெரிவித்து ஒரே ஒரு முறை மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் பொதுவாக ஒரு மாதம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டுமா என்ற கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பல் மருத்துவரின் சிகிச்சையில் தவறு நடந்ததாகச் சந்தேகித்த நோயாளி ஒருவர் நகல் கேட்டபோது, மருத்துவர் கட்டணம் கேட்டார். முதல் நகலை இலவசமாகத் தர வேண்டும், நோயாளி காரணம் சொல்லத் தேவையில்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் முதல் வேலை, உங்கள் நாட்டின் விதியில் காலக்கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்வது.

பாக்கித் தொகை பற்றி: சிகிச்சைக் கட்டணம் பாக்கி இருக்கிறது என்பதற்காக ஆவண நகலை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் வழிகாட்டுதல் வெளிப்படையாகச் சொல்கிறது. எல்லா நாடுகளிலும் இவ்வளவு தெளிவாக எழுதப்படவில்லை என்றாலும், கடனை வசூலிக்கும் வழி வேறு, ஆவணம் கொடுக்கும் கடமை வேறு. நீங்களாகவே அந்தப் பேச்சை எடுத்து இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

மகள் என்பதால் மட்டும் உரிமை வராது

உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரவெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். என்றாலும் அந்த ஆவணத்தைப் பெறும் உரிமை உங்கள் அம்மாவுடையது. அவர் சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இல்லாமல் மருத்துவமனை உங்களிடம் எதையும் தரக் கூடாது. அந்த விஷயத்தில் ஆவணப் பிரிவு ஊழியர் சரியாகவே நடந்துகொண்டார். அவர் சொன்ன காரணம்தான் சரியில்லை. நோயாளி முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தாலோ இறந்துவிட்டாலோ நடைமுறை வேறு; அப்போது சட்டப்படியான பிரதிநிதி யார் என்ற கேள்வி வரும். உங்களுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. அம்மாவின் கையெழுத்து வேண்டும்; ஆனால் அம்மாவுக்குத் தெரியக் கூடாது. "பென்ஷன் பேப்பர் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எதற்கென்று தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. அதைவிட முக்கியமாக, இந்த ரகசியம் இனி அம்மாவின் சிகிச்சைக்கே குறுக்கே நிற்கப்போகிறது.

சிறுநீரக மருத்துவர் ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய மார்பக அறுவை சிகிச்சை அறிக்கையை ஏன் கேட்கிறார் என்று நீங்கள் வியந்திருக்கிறீர்கள். என் ஊகம் இது. என்றாவது டயாலிசிஸ் தேவைப்படுமானால், அதற்கு முன்கூட்டியே ஒரு கையில் தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை சிகிச்சை செய்வார்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பு இருப்பதால், முடிந்தவரை மறுபக்கத்துக் கையையே தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் பக்கம், எத்தனை நெறிக்கட்டிகள் என்பது அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. தேர்ந்தெடுத்த கையில் ஊசி குத்தாமல் இப்போதிருந்தே காப்பாற்ற வேண்டும் என்பதையும் அம்மாவிடம்தான் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாத ஒருவர் தன் கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வார்?

இன்னொன்றும் சொல்கிறேன். வார்டில் வேலை பார்த்த ஆண்டுகளில், வீட்டார் மறைத்துவைத்த நோயை நோயாளி முன்பே அறிந்திருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு மூதாட்டி, மகன் மருந்து வாங்கப் போன நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னன்னு தெரியும் டாக்டர். தெரியும்னு சொன்னா அவன் உடைஞ்சு போயிடுவான். நீங்க சொல்லிடாதீங்க" என்றார். ஐந்து ஆண்டுகள் ஒரே மாத்திரையை எடுத்த, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய மருத்துவமனையின் அதே வாசலில் நுழைந்த உங்கள் அம்மாவும் எதுவும் புரியாமல் இருந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அதற்காக இன்றே எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க விரும்புவதும் நோயாளியின் உரிமையே. ஆனால் அந்த விருப்பத்தை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் அவருக்காகச் சொல்ல முடியாது. அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அம்மா, புது டாக்டர் பழைய ஆபரேஷன் பேப்பரெல்லாம் கேக்கறார். நான் வாங்கட்டுமா? அதுல இருக்கறத உங்களுக்குப் படிச்சுச் சொல்லணுமா, இல்ல நாங்களே டாக்டர்கிட்ட பேசிக்கட்டுமா?" அவர் "நீங்களே பாத்துக்கோங்க" என்றால், அது முறையான சம்மதம். "என்னன்னு சொல்லு" என்றால், அந்தப் பேச்சைப் புதிய மருத்துவரின் அறையில், அவருடைய உதவியோடு நடத்துங்கள். ஒருவேளை கோபப்படுவார், ஆறு ஆண்டுகள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

மூன்று முறை அலைந்தும் கிடைக்காததற்கு ஒரு காரணம், நீங்கள் மூன்று முறையும் வாய்மொழியாகவே கேட்டதுதான். வாய்மொழிக் கோரிக்கைக்குத் தேதி இல்லை. தேதி இல்லாததால் காலக்கெடு எப்போது ஓடத் தொடங்கியது என்று காட்ட முடியாது. இன்னொரு காரணம், "எல்லா ரிப்போர்ட்டும் வேண்டும்" என்ற கோரிக்கை. ஆவணப் பிரிவில் இருப்பவருக்கு அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. பெயர் சொல்லிக் கேளுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"மருத்துவ ஆவணப் பிரிவின் பொறுப்பாளருக்கு. நான், நோயாளி (பெயர், பதிவு எண்), இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை தங்கள் மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்தேன். என் தொடர் சிகிச்சைக்காக அந்நாட்களுக்குரிய கேஸ் ஷீட்டின் முழு நகல் வேண்டும். குறிப்பாக: சேர்க்கைக் குறிப்பு, மருத்துவர்களின் அன்றாடக் குறிப்புகள், செவிலியர் குறிப்புகள், மருந்து அட்டவணை, நீர் வரவு செலவு அட்டவணை, எல்லா ரத்த, சிறுநீர் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் அறிக்கைகளும் படங்களும், பிற துறை மருத்துவர்களின் ஆலோசனைக் குறிப்புகள், சம்மதப் படிவங்கள். இவற்றை என் சார்பில் பெற்றுக்கொள்ள என் மகளுக்கு அதிகாரம் அளிக்கிறேன். இக்கடிதம் பெறப்பட்டதற்கான ஒப்புகையைத் தேதியுடன் தர வேண்டுகிறேன்."

கீழே அம்மாவின் கையெழுத்தும், இருவரின் அடையாள அட்டை நகலும். மருத்துவமனைக்கென்று தனிப் படிவம் இருந்தால் அதையும் நிரப்பிக் கொடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம். நேரில் போவது கடினம் என்றால் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் இதே வேலையைச் செய்யும். பதில் வராவிட்டால் மருத்துவமனையின் குறைதீர்ப்புப் பிரிவு, அதன்பின் உங்கள் நாட்டில் மருத்துவர்களையோ தரவுப் பாதுகாப்பையோ கண்காணிக்கும் அமைப்பு என்று படிப்படியாகப் போகலாம். அந்த ஒப்புகைத் தாள்தான் அங்கெல்லாம் உங்கள் சாட்சி.

ஸ்கேன் விஷயத்தில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அறிக்கை வேறு, படம் வேறு. அறிக்கை ஒரு மருத்துவரின் கருத்து. இன்னொரு மருத்துவர் தானே பார்த்து முடிவு செய்ய அவருக்குப் படம் வேண்டும். ஃபிலிமைப் போனில் படம் எடுத்து அனுப்புவது போதாது. "டைகாம்" வடிவில், சிடியிலோ இணைப்பாகவோ கேளுங்கள். உலகில் எந்த மருத்துவமனையிலும் அது திறக்கும்.

கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார், அடுத்த முறை அம்மாவைச் சரியாகக் கவனிக்க மாட்டார் என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இது உங்களுக்கு மட்டும் உள்ள பயம் அல்ல, மருத்துவர்களுக்கும் ஒரு காலத்தில் மறுபக்கத்திலிருந்து இதே பயம் இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய மூன்று இடங்களில் 2010-இல் ஒரு முயற்சி தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் தாங்கள் எழுதும் குறிப்புகளைத் தங்கள் நோயாளிகள் 13,000-க்கும் மேற்பட்டோருக்கு இணையத்தில் திறந்துவிட்டார்கள். ஓராண்டு முடிவில் விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டபோது ஒரு மருத்துவர்கூட நிறுத்தவில்லை. நோயாளிகளில் ஏறத்தாழ எல்லோரும் தொடர வேண்டும் என்றார்கள். உங்கள் மருத்துவமனையிலும் ஆவணம் தர மறுப்பவர் பெரும்பாலும் மருத்துவராக இருக்க மாட்டார். அவருக்கு உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதே சந்தேகம். வார்டில் சிகிச்சையளித்த மருத்துவரிடம் நேரடியாக ஒருமுறை சொல்லுங்கள். பல இடங்களில் அவருடைய ஒரு வரிக் குறிப்பில் வேலை முடிந்துவிடும்.

வந்த பிறகு வாசிப்பது

நூறு, நூற்றைம்பது பக்கங்கள்கூட வரலாம். முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் பத்தாவது பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். அன்றாடக் குறிப்புகள் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக இருக்கும்: நோயாளி சொன்னது, மருத்துவர் பரிசோதித்துக் கண்டது, அதிலிருந்து அவர் நினைப்பது, அடுத்துச் செய்யப்போவது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க மருத்துவர் 1960-களில் வகுத்த முறையிலிருந்து பரவியது இது. நீங்கள் மூன்றாவது, நான்காவது பகுதிகளை மட்டும் தேதிவாரியாகப் படித்தால் போதும், 11 நாட்களின் கதை கிடைத்துவிடும். அதன்பின் ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றைய கிரியேட்டினின், சிறுநீரின் அளவு, புதிதாகத் தொடங்கிய மருந்து மூன்றையும் எழுதுங்கள். உங்கள் புதிய மருத்துவருக்கு அந்த ஒரு தாள், நூறு பக்கங்களைவிட அதிகம் பயன்படும். ஆனால் அந்தத் தாளைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வலி ஊசி போட்ட மறுநாள் கிரியேட்டினின் ஏறியிருந்தால், அது காரணமாகவும் இருக்கலாம். முந்தைய நாள் இரத்த அழுத்தம் விழுந்திருந்ததே உண்மைக் காரணமாகவும் இருக்கலாம்.

சில சொற்கள் புண்படுத்தும். "மது அருந்துவதை நோயாளி மறுக்கிறார்" என்று இருந்தால், அவர் பொய் சொல்கிறார் என்று பொருள் அல்ல. கேட்டபோது இல்லை என்றார் என்பதை எழுதும் பழைய ஆங்கில மரபு அது. நல்ல மரபு என்று நான் சொல்ல மாட்டேன்.

"மருந்துகளை ஒழுங்காக எடுக்கவில்லை" என்ற வரி அந்த வகை அல்ல. அது உண்மையாகவே தவறு. நீர் பிரியக் கொடுத்த மாத்திரையை வெளிநாட்டில் பார்த்த மருத்துவர்தான் நிறுத்தச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் விசாரிக்காமல், பையில் மாத்திரை இல்லை என்பதை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சேர்க்கும் அவசரத்தில் நானும் இதுபோன்ற வரிகளை எழுதியிருக்கிறேன் என்பதால் இது எவ்வளவு எளிதாக நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியே விட்டால் அடுத்த மருத்துவமனை அதைப் பார்த்து நகலெடுக்கும், பிறகு அதுவே அம்மாவின் குணமாகிவிடும். தங்கள் குறிப்புகளைப் படித்த 22,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அமெரிக்காவில் கேட்டு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவர் தவறு ஒன்றைக் கண்டதாகச் சொன்னார். அவர்களில் பத்தில் நான்கு பேர் அதைக் கடுமையான தவறு என்று கருதினார்கள்.

ஆனால் அழிக்கச் சொல்லாதீர்கள். மருத்துவ ஆவணத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. அழிக்க முடியாது என்பதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு. திருத்தக் குறிப்பு ஒன்றைத் தேதியிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு மருத்துவரின் கடிதத்தையோ மருந்துச் சீட்டையோ இணைத்து, "இந்த மாத்திரை மருத்துவரின் அறிவுரைப்படி இந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது" என்று ஒரே வரியில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால், உங்கள் மறுப்புரையையாவது கோப்பில் இணைக்கச் சொல்லலாம். அமெரிக்க விதியில் இதற்கு இடம் உண்டு, ஐரோப்பிய விதியிலும் குறையுள்ள தகவலை நிறைவுசெய்யக் கேட்கும் உரிமை உண்டு.

அண்ணனின் புகார், குடும்பத்தின் வாட்ஸ்அப்

உங்கள் அண்ணன் தூரத்தில் இருக்கிறார். தூரத்தில் இருப்பவர்களுக்கு இயலாமை கோபமாகத்தான் வெளிவரும். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் ஆவணம் கேட்கும் கடிதத்தில் புகாரையோ வழக்கையோ கலக்க வேண்டாம். இப்போது உங்களிடம் இருப்பது சந்தேகம். ஆவணங்கள் வந்து, புதிய மருத்துவர் அவற்றைப் பார்த்த பிறகு அது வலுவடையலாம், அடியோடு நீங்கவும் செய்யலாம். வலுவடைந்தால் புகார் கொடுப்பதில் தவறே இல்லை. அப்போது ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். புகார்களுக்குக் காலவரம்பு உண்டு என்பதால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். கிடைத்த நகல்களின் ஒரு முழுத் தொகுப்பில் கோடோ குறிப்போ எழுதாமல் தனியே வைத்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். அதன் மூன்றாவது வரியில் "மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்" என்று இருக்கும். அம்மாவிடம் மறைத்ததை அத்தைகளும் பெரியப்பா பிள்ளைகளும் இப்போது படித்திருப்பார்கள். யாராவது நலம் விசாரிக்கும் சாக்கில் அவரிடம் சொல்லிவிடும் முன், நீங்கள் பேசிவிடுவது நல்லது. இனி அண்ணனுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள், அதுவும் அம்மாவிடம் கேட்டுவிட்டு.

இரண்டு கடிதங்களில் எது முதலில்

அம்மாவின் சம்மதம் கிடைத்ததும், முதல் கடிதத்தைப் பழைய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அண்மைய ஆவணங்கள் எங்கும் போய்விடாது, பழையவை போய்விடும். மேலே சொன்ன இந்திய விதிமுறை உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவே கட்டாயப்படுத்துகிறது. மற்ற நாடுகளிலும் ஏதோ ஒரு வரம்பு உண்டு. ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கேஸ் ஷீட் அழிக்கப்பட்டிருந்தாலும் மனம் தளர வேண்டாம். காப்பீட்டுக் கோரிக்கை செய்திருந்தால் அந்த நிறுவனத்திடம் அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகல் இருக்கும். மாத்திரை எழுதித் தந்த புற்றுநோய் மருத்துவரிடம் தனிக் கோப்பு இருக்கும். மிக முக்கியமாக, திசுப் பரிசோதனைக்கூடத்தைக் கேளுங்கள். எடுத்த கட்டியின் துண்டுகளை மெழுகில் பதித்து "பாரஃபின் பிளாக்" என்று பாதுகாத்து வைப்பார்கள். பல இடங்களில் தாள்கள் போன பிறகும் அவை இருக்கும். அதிலிருந்து புதிய ஸ்லைடு வெட்டி, ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோயா என்று காட்டுபவை) இருந்தனவா என்பது முதல் இன்று புதிதாக வந்திருக்கும் சோதனைகள் வரை செய்ய முடியும். ஐந்து ஆண்டுகளோடு மாத்திரையை நிறுத்தியது சரியா, இன்னும் தொடர வேண்டுமா என்று ஒரு புற்றுநோய் மருத்துவர் சொல்வதற்கும் அந்த அறிக்கைதான் தேவைப்படும். அறிக்கையின் எண் தெரிந்தால் தேடுவது எளிது. பழைய மருந்துச் சீட்டுகளின் பின்பக்கம், ஸ்கேன் உறைகளின் மேல்மூலை, அம்மாவின் அலமாரியில் உள்ள பிளாஸ்டிக் கவர் என்று எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள். அம்மாவையே கேட்டுப் பாருங்கள். அந்தக் கவரை எடுத்து வைத்திருப்பவர் அவராகவே இருக்கலாம்.